உருண்ட படம்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் என் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. எதிர்வீட்டு ஸ்டெல்லாக்காவின் கறுப்பு வெள்ளை டிவியில் படம் உருளும்போதெல்லாம் கிண்டலடிப்பேன்.

மைத்துனன் அமெரிக்காவிலிருந்து வீடியோ கேம் கொண்டுவந்ததும் பிளாக்கையே கூப்பிட்டுப் பெருமையாகப் போட்டேன். அந்த ஊர் சிக்னல் நம் டிவிக்கு ஒத்துவராது என்று எனக்கெப்படித் தெரியும்? கலரே வரவில்லை; படம் நிற்காமல் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டெல்லாக்கா தன் டிவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இணைத்ததும் அங்கேயும் உருண்டது. அவர் பின்பக்கக் குமிழை லேசாகத் திருகினார். படம் நின்றுவிட்டது.

"பத்து வருசமா இத்தத்தான் திருவிகினு கீறேன். எனக்குத் தெரியாதா நைனா?"

சத்தம் மட்டும் வரவில்லை. பொம்மை குதிக்கும்போதெல்லாம் நானே "டொய்ங்" என்று கத்தினேன். கிண்டலடித்த வாய்க்கு அது சரியான வேலைதான்.