அந்தத் தோசை புளிக்கவே இல்லை

ஐம்பதுகளின் தொடக்கம் அது. அரிசிக்கு இருந்த ரேஷன் கட்டுப்பாடு நீங்கி, ஓட்டல்களில் மறுபடியும் இஷ்டம்போல இட்லி, தோசை போட ஆரம்பித்திருந்த நேரம். எனக்குக் கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயது பத்தொன்பது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உள்ளது என்று என் மாமியார் சொல்வார். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சாப்பாடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோசை சுடுவார்கள். அதுவும் கனமாக, ஒன்று தின்றால் மத்தியானம் வரை தாங்கும்படி இருக்கும். என் கணவர் சங்கரன்கோவிலில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் மூன்று வேளையும் சமையல் உண்டு. இருந்தாலும் காலையில் கோவில் பக்கத்துத் தெருவில் இருந்த கிளப்புக் கடைக்குப் போய் டிபன் சாப்பிட்டுக் காபி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. கிளப்புக் கடை என்றுதான் அப்போது ஓட்டலைச் சொல்வோம். கூடவே ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர்.

சாயங்காலம் மூன்று பேரும் எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து அன்று சாப்பிட்டதைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்தர் சாம்பார் அமிர்தம் என்பார். இன்னொருத்தர் அதில் பருப்பைத் தேடித் தன் கண்ணே பூத்துவிட்டது என்பார். ஒருவருக்கு மெதுவடை பஞ்சு, மற்றவருக்கு அதே வடை கல். கடைசியில் தீர்ப்புச் சொல்வது என் கணவர். கண்ணை மூடிக்கொண்டு, "மாவு சரியா அரைபடல வே. புளிப்பு தூக்கல்" என்பார். ஜட்ஜ் சொன்ன மாதிரி மற்ற இருவரும் தலையை ஆட்டுவார்கள். மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் மூன்று பேரும் அதே கடையில் இருப்பார்கள். கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ருசி தெரிந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்போல என்று பிரமிப்பாக இருக்கும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஓட்டலுக்குள் கால் வைக்கக் கூடாது. அது மாமியாரின் சட்டம். ஒரு தடவை நான் நச்சரித்ததில் இவர் ஒரு தோசையை வாழையிலையில் மடித்துக் காகிதம் சுற்றி வாங்கி வந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அது நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கல்லுல இருந்து நேரா இலைக்கு வரணும், வந்த சூட்டுல திங்கணும்ட்டி. அதுதான் தோச. இது அதோட பொணம்" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்த ஆசை.

பிள்ளை உண்டானதும் அது வெறியாகவே ஆகிவிட்டது. மசக்கையில் மற்றவர்கள் மாங்காய் கேட்பார்கள், சாம்பலைக்கூடத் தின்பார்கள். எனக்கு அந்தக் கிளப்புக் கடைத் தோசை. யாரிடம் போய்ச் சொல்ல? வெள்ளிக்கிழமை தோறும் மாமியாரோடு அம்மன் சன்னிதிக்குப் போகும்போது அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்லில் எண்ணெய் விடுகிற வாசம் தெருவுக்கே வரும். என் நடை தானாக மெதுவாகும். "என்னட்டி, கால்ல முள்ளு தச்சுட்டா?" என்று மாமியார் கையைப் பிடித்து இழுப்பார். கோவிலில் கண்ணை மூடினால் அம்மன் முகத்துக்குப் பதில் தோசைக் கல்தான் வரும். பாவம்தான். என்ன செய்ய, உண்மை அதுதான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. மறுநாள் விடியற்காலம் என் பிறந்த வீட்டார் பாத்திர பண்டங்களோடு மாட்டு வண்டியில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வண்டியின் குலுக்கல் எனக்கு ஆகாது என்று, என்னை மட்டும் இவர் பஸ்ஸில் கொண்டு வந்து விடுவதாக ஏற்பாடு. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தால், பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கிளப்புக் கடை இருந்த திசையைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவர் தெருவை இந்தக் கோடி அந்தக் கோடி பார்த்துவிட்டு, "அம்மைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் தொலைஞ்சோம். வா, வேகமா வா" என்றார்.

பெண்களுக்கென்று அங்கே ஒரு அறை உண்டு. கூடத்தின் கடைசியில் பலகை அடித்துத் தடுத்து, பச்சைத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. பின்பக்கம் ஒரு வாசல் கொல்லையைப் பார்த்துத் திறந்திருந்தது. அங்கே வரிசையாக ஆட்டுரல்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள் ஆள் வந்ததே அவளுக்கு ஆச்சரியம் போலிருக்கிறது. குழவியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

தோசை வந்தது. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் கொஞ்சம் மெத்தென்று, ஆவி பறக்க வந்தது. விண்டபோது சத்தம் கேட்டது. முதல் வாய் போட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு தோசை நான் தின்றதில்லை. பாதி தின்றிருப்பேன், அந்தப் பெண் எழுந்து வாசல்படிக்கு வந்தாள். படியைத் தாண்டி அவள் உள்ளே வரக் கூடாதுபோல. கை இரண்டிலும் முழங்கை வரை மாவு.

"எத்தன மாசம் தாயி?" என்றாள்.

சொன்னேன்.

"தோச எப்படி தாயி இருக்கு? நாந்தான் அரைக்கேன். பதினோரு வருசமா இங்கனதான் அரைக்கேன். முன்னால ஆம்பளைய திங்காவ, எந்திரிச்சுப் போறாவ. நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு சொல்லு இங்கன வராது. திங்கவுக மொகத்தப் பக்கத்துல பாக்கது இன்னைக்குத்தான்."

அவள் முகத்தில் அத்தனை ஆசை. பதில் என் நாக்கிலேயே இருந்தது. ஆனால் எதிரே என் கணவர் உட்கார்ந்திருந்தார். இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நல்லாயிருக்கிறது என்று சொன்னால் தோசையைக் காணாத கரிசல்காட்டுக்காரி என்று நினைப்பாரோ என்று ஒரு வெட்கம். ஓட்டலில் தின்று பழகியவள் மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொன்னேன்: "மாவு சரியா அரைபடல. புளிப்பு தூக்கல்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கோபப்படவில்லை, மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். "மவளுக்கு மேலுக்குச் சரியில்லன்னு நேத்து வெள்ளன அரைச்சு வச்சிட்டுப் போயிட்டேன் தாயி. அதான் பொங்கிப் புளிச்சிட்டு போல. பிள்ளத்தாச்சிக்குப் போயி புளிச்ச மாவப் போடவச்சிட்டனே" என்று தவித்தாள்.

அப்படியே திரும்பி ஓடி அடுப்படி ஜன்னலில் நின்று தோசை போடுகிறவரிடம் கெஞ்சுகிறது எங்களுக்குக் கேட்டது. "அண்ணாச்சி, கடைசியா அரைச்ச சின்னச் சட்டி மாவுல ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுங்க." அவர், "புளிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, போயி சோலியப் பாரு" என்று அதட்டினார். அவள் விடவில்லை. இரண்டாவது தோசை வந்தது. அதுவும் முதல் தோசை மாதிரியேதான் இருந்தது. துளிகூட வித்தியாசம் இல்லை. அவள் படியில் நின்று, நான் மெல்லுவதைப் பார்த்தபடி, "இது?" என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. இவர் எழுந்து, "ஏட்டி, பஸ்ஸு" என்று அவசரப்படுத்தினார். வாய் நிறையத் தோசையோடு, "இது நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ ஓடினேன். இது நல்லாயிருக்கிறது என்றால் முந்தியது நல்லாயில்லை என்றுதானே அர்த்தம்? சொன்ன பொய்க்கு நானே முத்திரையும் குத்திவிட்டேன். அவளுக்கோ போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஆகிவிட்டது. "நல்லபடியா பெத்துப் பிழைச்சு, பிள்ளையோட வா தாயி. அன்னைக்குப் புளிக்காது பாரு" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் இவர் சொன்னார், "இன்னைக்குத் தோச பிரமாதம். ஒனக்கு நாக்கு செத்துப்போச்சா, புளிப்புன்னு சொல்லுத?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கதான தெனமும் அப்படிச் சொல்லுதிய?"

"அது சும்மா நாலு பேரு கூடுத இடத்துல சொல்லுதது. நல்லாருக்குன்னு சொன்னா, நேத்துதான் டவுனுக்கு வந்தவன்னு நெனப்பானுவ. அதப் போயி நீ..." என்று சிரித்தார்.

"நான் எறங்கிப் போயி அவகிட்டச் சொல்லிட்டு வந்திரட்டுமா?"

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? பஸ்ஸு நகந்துட்டு பாரு."

வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். பிறந்த வீடு போகிற பிள்ளைத்தாச்சி மாமியார் வீட்டைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்தவர்களுக்கு என் மாமியாரைத் தெரியாது.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன். போய்ச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். இவரிடம், "நீங்களாவது பின்பக்கம் போயி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "மாவாட்டுத பொம்பளகிட்டப் போயி நான் நின்னு பேசினா ஊரு என்ன சொல்லும்?" என்று தட்டிக் கழித்தார். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும்போது கடைக்குள் எட்டிப் பார்ப்பேன். முன்கூடமும் பச்சைத் திரையின் ஓரமும் தெரியும். கொல்லை தெரியாது. பத்து எட்டு வைத்தால் அவள் முன்னால் நிற்கலாம். அந்தப் பத்து எட்டை மாமியாரின் கையிலிருந்து விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

பிறகு இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று காலையில் நான் பிடிவாதமாக நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவரோடு அந்தக் கடைக்குப் போனேன். அதே திரை, அதே பெஞ்சு. பின்வாசலில் பார்த்தால் ஆட்டுரலில் வேறு ஒரு இளம்பெண். சர்வரிடம் கேட்டேன்.

"அந்தப் பொம்பளையா? போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சும்மா. மவளக் கட்டிக்குடுத்த ஊருக்கே போயிட்டா. எந்த ஊருன்னு தெரியாது" என்றவர், தானாகவே சிரித்துக்கொண்டு மேலே சொன்னார். "தங்கமா வேல செய்வா. ஆனா கடைசியில ஒரு மாதிரி ஆயிட்டா. எவளோ ஒரு பிள்ளத்தாச்சி வந்து மாவு புளிக்குன்னு சொல்லிட்டாளாம். அதுல இருந்து தெனமும் காலையில சட்டியத் தொறந்ததும் ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாப்பா. பெறகு, 'புளிக்கா அண்ணாச்சி, புளிக்கா'ன்னு வாரவன் போறவன்கிட்ட எல்லாம் கேப்பா. நாங்களும் வெளையாட்டுக்கு, ஆமா புளிக்குன்னு சொல்லுவோம். மொகம் செத்துப்போவும். இந்த ரூமுல பேச்சுச் சத்தம் கேட்டா ஓடியாந்து, பிள்ளையோட யாரும் வந்திருக்காவளான்னு எட்டிப் பாப்பா."

என் கணவர் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தப் பிள்ளைத்தாச்சி நான்தான் என்று சர்வருக்குத் தெரியாது. தோசை வந்து ஆறிப்போனது. எழுந்து பின்வாசலுக்குப் போய் அந்த இளம்பெண்ணிடம், "மாவு ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அவள் விழித்தாள். "இது நான் அரைச்சது இல்லம்மா, நான் இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன்" என்றாள்.

அப்புறம் எத்தனையோ ஊர்களில் குடியிருந்துவிட்டோம். இவரும் காலமாகிவிட்டார். எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் பின்கட்டை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் நான் வந்ததில்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாவு படிந்த அந்தக் கைகளும், பதிலுக்காகக் காத்து நின்ற அந்த முகமும்தான் ஞாபகம் இருக்கின்றன. இன்றைக்கும் யாராவது எனக்குப் பரிமாறிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி உடனே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம், இந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவள் எந்த ஊரில், தன் மாவு புளித்துவிட்டது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாளோ என்று நினைத்துக்கொள்கிறேன்.