மகள் என்று நான் அடித்த கட்டம்

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே, அன்றைக்கு எந்த நாட்டுக் கொடியோடு என்ன கப்பல் வருகிறது என்று போனில் பார்த்துவிடுவேன். எந்த நாட்டுக்கும் போனதில்லை. கொடிகள் மட்டும் அத்தனையும் தெரியும்.

அந்த வாரம் வந்த சரக்குக் கப்பல், நடுக்கடலில் எஞ்சின் நின்று மிதந்த படகிலிருந்து பதினெட்டு இலங்கைத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. உடனே இறக்க முடியவில்லை. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, மாலுமிகள் வேறு நாடு. மூன்று நாள் மெயிலுக்கு மேல் மெயில். கடைசியில், கொடியின் நாடும் இன்னொரு நாடும் அவர்களைப் பிரித்து ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தபிறகு, இங்கே தற்காலிகமாகக் கரையிறங்க விட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பின் தெரியாத பதினெட்டுப் பேருக்காக இத்தனை நாடு ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுமா! மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் முதல் கை என்னுடையதுதான்.

அவர்களைத் தங்கவைத்த புயல் காப்பகத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு நாடுகளுக்குமான படிவங்களை நிரப்பினேன். நாற்பதைத் தாண்டிய ஒரு அக்காவும் பதினைந்து வயதுப் பெண்ணும் வந்தார்கள்.

"இவ உங்களுக்கு என்ன உறவு?"

"என்ர மகள்."

அந்தப் பெண் அவரைச் 'சின்னம்மா' என்று கூப்பிட்டது என் காதில் விழத்தான் செய்தது. அதனால் என்ன, என் சித்திக்கும் நான் மகள்தானே? உறவு என்ற கட்டத்தில் 'டாட்டர்' என்று அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து அந்த நாடுகளின் அதிகாரிகளிடமிருந்து மெயில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறு, சொன்னது பொய்யாக இருக்கலாம், கோப்பைப் பிரிக்கிறோம். சிறுமி ஒரு நாட்டுக்கு, அந்த அக்கா இன்னொரு நாட்டுக்கு.

மேனேஜர் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "ஏளா, கப்பல்ல பெட்டி மாறிப்போனா திருப்பி வாங்கிரலாம். பிள்ளைய மாத்தி அனுப்பிட்டா?"

"சித்தியும் அம்மாதான அண்ணாச்சி?"

"அத ஏன் எங்கிட்ட சொல்லுத? அவங்ககிட்ட சொல்லு."

இரண்டு பக்கம் எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது. தமிழில் அம்மாவின் தங்கை சின்ன அம்மா. அக்காள் பெற்றதும் மகள்தான். தன் அக்கா செத்தபிறகு இவளை நாலு வயதிலிருந்து வளர்த்தவர் என்று, அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தேன். பதில் வந்தது: வீடியோவில் மறுபடி விசாரிக்கிறோம், அவர் வாயாலேயே சொல்லட்டும்.

திரையில் இரண்டு நாட்டு அதிகாரிகள். தன்மையாகத்தான் கேட்டார்கள். நான் தமிழில் சொன்னேன்: "இவ உங்க மகளா?"

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்திலேயே அந்தப் பெண். கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றிலும் எனக்கு அவசரம்.

"இல்லை," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அக்காவின்ர பிள்ளை. நான் பெறேல்லை."

'ஆன்ட்டி' என்று மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் தன் கைநகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே நாளில் ஒப்புதல் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நாடு, ஒரே விமானம். நான் ஆபீஸிலேயே குதித்தேன்.

அவர்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அந்த அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"தங்கச்சி, சுகமா? இஞ்ச ஒரே பனி. பள்ளிக்கூடத்தில என்னை ஆன்ட்டி எண்டுதான் பதிஞ்சு வச்சிருக்கினம். இவளும் இப்ப ஆன்ட்டி எண்டுதான் கூப்பிடுறாள். பகிடிக்குத்தான்." அடுத்த நிமிடமே இன்னொரு சின்ன மெசேஜ். "சும்மா, பகிடிக்குத்தான்."

பனி கையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். கேட்கவில்லை. 'அவளை ஒரு தடவை என்கிட்ட பேசச் சொல்லுங்க அக்கா' என்று மட்டும் அனுப்பினேன்.

அக்கா படித்துவிட்டார் என்று நீல டிக் விழுந்துவிட்டது. அவள் இன்னும் பேசவில்லை.