படகுக்குள் அடைபட்ட மாமா

எங்கள் ஊரான கணபதியில் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அதை விட்டால் மிதப்பதற்கு வேறு வசதி கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், நான் ஐந்தாவது படிக்கும்போது, எங்கள் பட்டறைக்குள் ஒரு பாய்மரப் படகு வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதா அம்மணி?" என்று கேட்டார்.

அப்பா லாரிக்குப் பாடி கட்டுகிறவர். படகைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. கொச்சிக்கு லோடு அடிக்கும் டிரைவர். எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் தன் படகின் உள்தடுப்பு தண்ணீர் பட்டு உளுத்துவிட்டதாகப் புலம்பியிருக்கிறார். உலகத்தில் எந்தப் பேச்சு வந்தாலும் அதற்கு மாமாவிடம் பதில் உண்டு. "எங்க மச்சான் பண்ணிப்போடுவாருங்க" என்று சொல்லி, காலியாகத் திரும்ப வேண்டிய லாரியில் படகை ஏற்றி வந்துவிட்டார். அப்பா படகையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது?"

"லாரி மாதிரிதானுங்க மச்சான். சக்கரம் மட்டும் இல்லீங்க."

இவ்வளவு வாய் இருந்த மாமா, கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவார். முதலில் பார்த்த பெண் வீட்டார், லாரி ஓட்டுகிறவன் வீடு தங்க மாட்டான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து எங்கே பெண் பார்க்க ஏற்பாடு செய்தாலும், அன்றைக்குப் பார்த்து மாமாவுக்குக் கொச்சிக்கு லோடு வந்துவிடும். கடைசியாகக் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு குடும்பம். அவர்களையும் ஒரு தடவை காக்க வைத்துவிட்டு மாமா பாலக்காட்டைத் தாண்டிவிட்டார். தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. "அவங்களா இருக்கக்கண்டு இன்னும் பேசறாங்க. இன்னொருக்கா ஓடிப்போனான்னா அவ்வளவுதான்" என்று சொல்லி அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். மாமாவின் மேல் கோபமும் வரும். ஆனால் அவர் கொண்டுவரும் நேந்திரம் சிப்ஸைப் பார்த்ததும் கோபம் போய்விடும்.

படகின் உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். முன்பக்கம் ஒருவர் படுக்கும் அளவுக்கு ஓர் அறை, பின்பக்கம் உட்கார ஓர் அறை, நடுவில் அந்தத் தடுப்பு. படகின் கூரையில் பாய்மரம் உட்காரும் இடத்தில் ஒரு விரிசல். அதன் வழியே மழைத் தண்ணீர் வருஷக்கணக்கில் இறங்கிப் பலகையைத் தின்றிருந்தது. வெளிப்பார்வைக்கு வார்னிஷ் பளபளவென்று இருந்தது. மாமா கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். காப்பியில் நனைத்த வர்க்கியை அழுத்தியதுபோல் விரல் உள்ளே போய்விட்டது.

"இது சும்மா மறைப்பு இல்ல மாப்ள. மேல நிக்கற மரத்தோட பாரத்தை இதுதான் தாங்குது" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவருக்கும் படகின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. விரிசலை அடைத்தார். உளுத்த பலகையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்து, தரையில் பொருத்தி வைத்து, அட்டையில் அச்சு எடுத்தார். தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் வாங்கி வந்து அறுத்தார். முழுப்பலகை படகுக்குள் நுழையாது என்பதால் இரண்டு பாதியாகக் கொண்டுபோய் உள்ளே வைத்துச் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை சாப்பிடும்போது அப்பா மறுநாள் வேலையை விளக்கினார். லாரிக்கு முழுத்தகடாக அடித்துவிட்டு அப்புறம்தான் அவர் ஜன்னல் வெட்டுவார். முதலிலேயே வெட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளுமாம். படகுக்கும் அதே கணக்கு. முதலில் தடுப்பை முழுசாகப் பசை போட்டு நிறுத்துவது, பிறகு அதில் வாசலை வெட்டுவது. அந்தப்பக்கம் நின்று பலகையைத் தாங்கிப் பிடிக்க மாமா.

"அப்ப தம்பி எப்படீங்க வெளிய வருவான்?" என்று கேட்டாள் அம்மா.

"வாசல் வெட்டுனா வர்றான்."

அம்மா தோசைக்கல் பக்கம் திரும்பினாள். மாமாவின் தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு முக்கு டெலிபோன் பூத்துக்குப் போனாள். "ராகுகாலத்துக்கு முன்னாலயே கெளம்பிருங்க" என்று மட்டும் காதில் விழுந்தது. யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். எனக்குச் சேமியா ஐஸ் கிடைத்தது. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் வேலை ஆரம்பித்தது. பசை கலக்கினால் இறுகுவதற்குள் ஒட்டியாக வேண்டும். ஆகவே அப்பாவும் மாமாவும் பலகைக்கு இருபுறமும் நின்று கத்திக் கத்தி வேலை செய்தார்கள். இரண்டு பாதியும் சேர்ந்தன. ஓரமெல்லாம் பசை பூசியாயிற்று. மாமா முன்னறைக்குள் முழுசாக அடைபட்டார். மேலே கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தது. காற்றுக்காக அப்பா அதன்மேல் டேபிள் ஃபேனை வைத்திருந்தார். காற்று போகும், ஆள் வர முடியாது.

பசை இறுகியதும் அப்பா ரம்பத்தை எடுக்கவும் அம்மா படகருகே வரவும் சரியாக இருந்தது.

"ஏனுங்க, நாலரை ஆயிப்போச்சுங்க. ராகுகாலத்துலயா வாசல் வெக்கறது?"

"படகுக்கு என்ன ராகுகாலம்?"

"வாசல்னா வாசல்தானுங்க. ஆறு மணிக்கு வெட்டுங்க."

அப்பா அம்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் பட்டறைக்கு வெளியே போனார்.

"மச்சான்! மச்சான்!" என்று உள்ளே பலகை தட்டப்பட்டது.

அரை மணி நேரம் கழித்து ஒரு பெரியவரும் ஓர் அக்காவும் வந்தார்கள். கருமத்தம்பட்டித் தறிக்காரரும் அவர் மகளும். "ராகுகாலத்துக்கு முன்னாலயே கெளம்பிட்டமுங்க. இந்த வழியா ஒரு ஜோலி, அப்படியே ஊட்டையும் பாத்துட்டுப் போலாம்னு" என்றார் பெரியவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. தெரு முழுக்கக் கேட்டது. அம்மா திகைத்துப்போனவளாக, "அடடா, வாங்க வாங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா" என்றாள். அவளுடைய பட்டுச்சேலையை மட்டும் எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

படகின் மேல் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓட்டை வழியாக மாமா ரகசியமாகக் கேட்டார். "யாரு அம்மணி?"

"ஒரு தாத்தாவும் ஒரு அக்காவும் மாமா. கருமத்தம்பட்டியாம்."

உள்ளே தலை கூரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. "உங்கொப்பனை உடனே வாசல் வெட்டச் சொல்லு."

"ராகுகாலம் மாமா."

"எங்கீங்க மாப்பிள்ளை?" என்று பெரியவர் கேட்க, அப்பா படகைக் காட்டி, "உள்ளார இருக்காருங்க. ராகுகாலம் முடிஞ்சு ஆறு மணிக்கு வாசல் வெட்டுனா வெளிய வந்துருவாருங்க" என்றார். நியாயமான காரணம் என்பதால் பெரியவர் தலையாட்டினார். ராகுகாலத்தில் வாசல் வைக்காத வீடு நல்ல வீடு என்றுகூடச் சொன்னார்.

அம்மா அந்த அக்காவிடம் காப்பித் தம்ளரைக் கொடுத்தாள். "கண்ணு, சிரமம் பாக்காம இதை உள்ளார குடுத்துரு. புள்ள குடுத்தா கொட்டிப்போடுவா." நான் ஒருநாளும் காப்பியைக் கொட்டியதில்லை. எனக்கு ரோஷமாக இருந்தது.

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். ஃபேனை நகர்த்திவிட்டுத் தம்ளரை உள்ளே நீட்டினார். பசையும் மரத்தூளும் அப்பிய ஒரு கை மட்டும் மேலே வந்து வாங்கிக்கொண்டது.

"இந்தப் பலகை எதுக்குங்க?" என்று அக்கா கேட்டார். ரகசியமாகப் பேசுவதாக அவர் நினைப்பு.

மாமா காப்பியோடு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். மேலே மரம், மரத்தில் பாய், பாயில் காற்று, அந்தப் பாரமெல்லாம் இந்தப் பலகையில் இறங்குவது. சொல்லச் சொல்லப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. அக்கா ஓட்டையோரம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"லாரி ஓட்டறவிய ஊடு தங்க மாட்டாங்கன்னு சொல்றாங்களேங்க?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் கீழே அசையாமல் நின்றாள். முதலில் காலித் தம்ளர் மேலே வந்தது, அதன் பின்னாலேயே பதிலும் வந்தது.

"இப்பத் தங்கித்தானுங்க இருக்கேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் படகே அதிர்ந்தது. பெரியவரும் சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு அடித்ததும் அப்பா ரம்பத்தோடு உள்ளே போனார். அவ்வளவு நேரம் வெட்டு வெட்டு என்று பறந்த மாமா, "மெதுவா அறுங்க மச்சான், ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார். ரம்பம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார் போலும் என நினைத்துக்கொண்டேன். வெட்டிய பலகை விலகியபோது, தலையெல்லாம் மரத்தூளோடு மாமா அந்த வாசலில் குனிந்து நின்றார். ஓட்டை வழியாக அக்கா இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கொச்சிக்குத் திரும்பிப் போயிற்று. அந்தத் தை மாதம் அக்கா எனக்கு அத்தையானார்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. படகு வேலை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா ஒரு லாரிக்குக் கதவு வெட்டிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, ராகுகாலத்துல அப்பா வாசல் வெட்டறாரு!"

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கென்ன இப்ப? வெட்டட்டும்."

"போன வாரம் கூடாதுன்னியே?"

"அது போன வாரத்து ராகுகாலம் அம்மணி."

ராகுகாலம் வாரத்துக்கு வாரம் மாறுமா என்று அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு ரம்பத்தை எடுத்து, அந்த ராகுகாலத்திலேயே கதவை வெட்டி முடித்தார்.