சட்டப்படி, என்னைப் பொறுத்தவரை

இங்கிலாந்துக்காரர்கள் கெட்ட செய்தியை மொட்டையாகச் சொல்வதில்லை. முன்னால் ஒரு சொல்லை வைப்பார்கள். 'லீகலி' என்று தொடங்கினால் சட்டம் பேசுகிறது. 'பெர்சனலி' என்றால் மனிதர் பேசுகிறார். வாய் ஒன்றுதான். லண்டன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் எனக்கு இது இன்னும் பழகவில்லை.

சென்ற வாரம், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு ஒன்று. பூம்புகார்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவும் வசந்தா அக்காவுக்காகப் போயிருந்தேன். நீதிபதி, "லீகலி, நோட்டீஸ் செல்லும். பெர்சனலி, எனக்கு மிகவும் வருத்தம்" என்றார். அப்படியே தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்தது. நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அவரு நம்ம பக்கந்தாங்கறாரு, இல்லீங்களா?"

இந்த மலர்ச்சியை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்பா குடவாசல் பக்கம் ஒரு மிராசுதாரிடம் காரியஸ்தர். ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த சமயம். பதிவதற்குள் ஆட்களை வெளியேற்றிவிட மிராசுதார் துடித்தார். குத்தகைக்கு உழுத காளியப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சட்டப்படி உம்பேரு பதிவுல இல்ல, காளியப்பா. என்னைக் கேட்டா, உழுதவனுக்குத்தான் நெலம்" என்றார் அப்பா.

காளியப்பன் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் போனார். மறுநாளே குடும்பத்தோடு நடவு நட்டார். மிராசுதாரின் ஆட்கள் நட்ட வயலில் டிராக்டரை விட்டு அழித்தார்கள். குறுக்கே நின்றவரைப் போலீஸ் கொண்டுபோனது. "நான் தெளிவாத்தானே சொன்னேன்" என்று அப்பா சாகும்வரை முனகிக்கொண்டிருந்தார். அந்த மிராசுதார் கொடுத்த சம்பளத்தில்தான் நான் கான்வென்டில் இங்கிலீஷ் படித்தேன்.

நீதிபதியிடம் திரும்பினேன். "இவருக்குத் தவறாகப் புரிந்திருக்கிறது. உங்கள் வருத்தத்தை விட்டுவிட்டு, தீர்ப்பை மட்டும் சொல்ல முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

நடைவழிக்கு வந்ததும் அக்கா என்னையே பார்த்தார்.

"அவரு நல்லபடியாத்தான் சொன்னாரு. நீங்க நடுவுல இங்கிலீஷ்ல என்னமோ பேசினீங்க. மாத்திட்டாரு."

"இல்லக்கா, நான்..."

அவர் பையை எடுத்துக்கொண்டு, பொதுவாசல் படிகளில் இறங்கிப்போனார். சேவகர் எனக்காக ஊழியர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன்.