நூறு பேர் நினைப்பதை நினைத்தவர்

நார்பர்ட் ஹிப்பிளின் வேலை 'சரி' சொல்வது. மேகக் கம்பெனியில் ஓர் இயந்திரம் மேகங்களைத் தயாரித்து, வானத்தில் நின்று வெயிலில் காயும் கோபுர வீடுகளுக்கு நிழலாக அனுப்பும். அனுப்புமுன் மனிதர் ஒருவரைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அது கேட்கும், இவர் "சரி" என்பார். மாலையில் பறக்கும் காரை நிறுத்திவிட்டு வந்து, "இன்னிக்கு உயிரே போச்சு" என்று சாய்வார். உடனே எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கும். அந்த வானத்து ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரு கைக்கும் சேர்த்து எட்டு விரல் இருப்பதையும், வருஷம் முழுக்க ஒரே சட்டை போடுவதையும் போல, அந்தச் சிரிப்பையும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஹிப்பிளிடம் விசேஷம் எதுவும் கிடையாது. பிடித்த நிறம் நீலம், பிடித்த நாள் சனிக்கிழமை. "யோவ் ஹிப்பிள், உன்னைக் கூட்டத்துல தொலைச்சா, கூட்டத்தையேதான்யா திருப்பிக் குடுப்பாங்க" என்பார் முதலாளி கிரிம்ஷா.

மனைவி எட்வினாவுக்கு ஒரே ஓர் ஆசை: தரைக்குப் போய்ச் சேற்றில் கால் வைக்க வேண்டும். தரைக்கு இறங்குகிற செலவில் மேலே இன்னொரு வீடு வாங்கலாம். ஆகவே தொலைக்காட்சியில் 'நூறு பேர் சொன்னது' போட்டிக்கு ஒரு வாரத் தரைப் பயணம் பரிசு என்று கேட்டதும், அவளே பெயர் கொடுத்துவிட்டாள். அவர், அவள், பிள்ளைகள் இருவர். அணிக்கு ஐந்து பேர் வேண்டுமென்பதால் வேலைக்கார ரோபோ பெர்த்தாவும். எதிரணி யாரென்று மேடையேறிய பிறகுதான் தெரிந்தது. கிரிம்ஷா குடும்பம்.

அந்தப் போட்டியில் உண்மைக்கு மதிப்பில்லை. முன்கூட்டியே நூறு பேரைக் கேட்டு வைத்திருப்பார்கள். அதில் அதிகம் பேர் சொன்னதே சரியான விடை. காலையில் மனிதன் முதலில் செய்வது என்ன என்று கேட்டதற்கு, "கண்ணைத் திறப்பது" என்றது பெர்த்தா. பூஜ்யம்.

"உன்னை யாருடி உண்மையச் சொல்லச் சொன்னா?" என்று எட்வினா பல்லைக் கடித்தாள்.

"தெரிஞ்சதைச் சொல்லிட்டேம்மா, மன்னிச்சிருங்க."

ஹிப்பிள் "கொட்டாவி" என்றார். விடைப் பலகையில் முதலிடம். அடுத்த கேள்விக்கும் முதலிடம். அதற்கடுத்ததற்கும். அவர் மண்டையில் தோன்றியதெல்லாம் ஊரார் மண்டையில் ஏற்கெனவே தோன்றியிருந்தது. நேற்றுவரை குறையாக இருந்தது, அன்று மேதைமை ஆகிவிட்டது.

இரு அணிகளும் சமமாக நிற்க, கடைசிக் கேள்வி. முந்தி அடிப்பவர் முதலில் பதில் சொல்லும் பொத்தானுக்கு இந்தப் பக்கம் ஹிப்பிள், அந்தப் பக்கம் கிரிம்ஷா.

"மனுஷன் ரொம்பப் பயப்படுறது யாருக்கு?"

கிரிம்ஷா முந்திக்கொண்டு அடித்தார். "பொண்டாட்டிக்கு!"

இரண்டாம் இடம். முதலிடத்தைச் சொன்னால் ஹிப்பிளுக்கு வெற்றி. அது என்னவென்று அவருக்குத் தெரியும். அவரைப் போன்றவர்கள் எல்லாருக்குமே தெரியும்.

"யோசிச்சுச் சொல்லுய்யா," என்றார் கிரிம்ஷா மெதுவாக. "திங்கக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு."

ஹிப்பிள் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் எட்வினா. சொல்லவில்லைதான். ஆனால் இப்போதே சேற்றில் இறங்கப் போகிறவள் போல, காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முதலாளிக்கு" என்றார் ஹிப்பிள்.

நூற்றுக்கு எழுபத்தொரு பேர். முதலிடம்.

"உன் வேலை போச்சுய்யா!" என்று கத்திய கிரிம்ஷா, பிறகு நிகழ்ச்சி நடத்துபவரைத் தனியே இழுத்து, "மிச்ச இருபத்தொம்பது பேர் யாரு? பேரு கிடைக்குமா?" என்று கேட்டார்.

வேலை போனதில் ஒரு சௌகரியம், லீவு கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் தரையில் ஒரு குட்டைக் கரையில் ஹிப்பிள் நின்றிருந்தார். எட்வினா முழங்கால்வரை சேற்றில். மணிக்கட்டுப் போனில் கிரிம்ஷாவின் முகம் வியர்த்து வழிந்தது.

"நான் சரின்னா மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதுய்யா! அது சம்மதம் மாதிரி இல்லையாம், உத்தரவு மாதிரி இருக்காம். மேகம் இல்லாம ஊரே வேகுது. உன்னைத் திரும்ப எடுத்துக்கிட்டேன், உடனே கிளம்பி வா. சரியா?"

ஹிப்பிளின் வாய் பழக்கத்தில் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. குட்டையைப் பார்த்தார்.

"பொறுங்க சார். அவ இன்னும் கரையேறல."

சொல்லிவிட்டு வழக்கம்போல் கூட்டத்தின் சிரிப்புக்காகக் காத்திருந்தார். தரையில் அந்த வசதி கிடையாது போலிருக்கிறது. எட்வினா மட்டும் சிரித்தாள்.