கடை அம்மாவும் வீட்டு அம்மாவும்

கடைத்தெருவில் அவளைக் கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் ஏறக்குறைய அதே பெயர்தான் என்று அவளுக்குத் தெரியவர, ஒரு பொம்மையின் கை ஒடிய வேண்டியிருந்தது.

விளையாட்டுப் பொம்மை இல்லை. ரெடிமேட் கடை வாசலில், கண்ணாடிக்குள், புதுத்துணி மாட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு நிற்குமே, அது. இந்தப் பொம்மைக்கு இடுப்பும் முட்டியும் மடங்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரில் இருப்பவர் சொல்வதையெல்லாம் அக்கறையாகக் கேட்பது போல ஒரு முகம். ஒரு திங்கட்கிழமை, துணி சாயம் போகுமா என்று கசக்கிப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் கையில் அதன் இடது மணிக்கட்டு கழன்று வந்துவிட்டது.

"பசை போட்டு ரெண்டு நாள் ஆடாம அசையாம வைக்கணும்மா" என்றார் தையல் மாஸ்டர்.

கடையில் ஆடாமல் அசையாமல் இருக்க இடம் ஏது? வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்று, லாரி ஓட்டும் கணவருக்கு. வாரத்தில் ஒருநாள் வந்து உட்காருவார். இரண்டு, பெண்களுக்கு. நாலாவது அவளுடையது. அவளோ போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள். எனவே தன் நாற்காலியிலேயே பொம்மையை உட்காரவைத்தாள். வெறும் உடம்போடு இருக்கிறதே என்று தன் பழைய நீல நைட்டியையும் மாட்டிவிட்டாள்.

செய்த தப்பு அதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே பேச்சுச் சத்தம். ஆறு வயதுச் சின்னவள், ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடி பேசறே?"

"அம்மாகிட்ட."

"நான் இங்கல்ல நிக்கறேன்!"

"நீ கடை அம்மா. இவங்க வீட்டு அம்மா."

பத்து வயதுப் பெரியவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் விளக்கம் கொடுத்தாள். "இவங்க 'சீக்கிரம் சொல்லித் தொலை'ன்னு சொல்ல மாட்டாங்க. போன் வந்தா எழுந்து போக மாட்டாங்க. முக்கியமா, 'ம்' போட மாட்டாங்க."

'ம்' விஷயத்தில் கடைக்காரம்மா வாய் திறக்க முடியாது. போன மாதம் சின்னவள் வந்து, "நான் வீட்டை விட்டுப் போறேன்" என்றபோது, வந்திறங்கிய சரக்கைச் சரிபார்த்துக்கொண்டே "ம்" என்றாள். அதோடு விட்டாளா? "குடையை எடுத்துட்டுப் போ" என்றும் சொன்னாள். குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டுக் குடையோடு மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

பசை காய்ந்தது. பொம்மை மட்டும் கடைக்குத் திரும்பவில்லை.

"இன்னுமா காயலை?" என்றார் மாஸ்டர்.

"காஞ்சிடுச்சு மாஸ்டர். ரெண்டும் சேர்ந்து விடமாட்டேங்குதுங்க."

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "அப்ப நீங்க போய்க் கண்ணாடிக்குள்ள நில்லுங்க. அங்க ஒரு ஆள் குறையுது. வீட்லதான் ஆள் இருக்கே."

பிளாஸ்டிக்கைப் பார்த்து வயிறெரியும் காலமும் வரும் என்று அவள் நினைத்ததில்லை. வியாழக்கிழமை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வந்து, போனைக்கூடப் பைக்குள் போட்டுவிட்டு, பெரியவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டாள்: "இன்னிக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு?"

"சொல்லிட்டேனே" என்று நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினாள் பெரியவள். அவளுடைய சட்டையில் கழுத்துப் பட்டன் இல்லை. இந்த வருஷத்தில் நாலாவது பட்டன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரியவள் வகுப்பில் பெற்றோர் கூட்டம். இதற்கு முன் இரண்டு கூட்டங்களைக் கடைக்காரம்மா தவறவிட்டிருந்தாள். "இந்தத் தடவை கண்டிப்பா வர்றேன்" என்றாள்.

"ம்" என்றாள் பெரியவள்.

சனிக்கிழமை கடையில் எள் விழ இடமில்லை. ஒருத்திக்குக் கை நீளம் போதவில்லை, இன்னொருத்திக்கு நிறம் பிடிக்கவில்லை. கல்லாவை மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து, அவள் மூச்சிரைக்கப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது.

வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். டீச்சரின் மேசைக்கு எதிர் நாற்காலியில் அவளுடைய பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பொம்மை. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். தள்ளிக்கொண்டு வந்த வண்டி, சின்னவள் குழந்தையாக இருந்தபோது வாங்கியது, சுவரோரம் நின்றது.

"நீங்க யாரோட அம்மா?" என்றார் டீச்சர்.

"இவளோடதான்" என்று பெரியவளைக் காட்டினாள்.

"இவங்கம்மா வந்தாச்சே. பதிவேட்டுல குறிச்சுட்டேன்."

"டீச்சர், அது பொம்மை!"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொம்மையை நிதானமாகப் பார்த்தார். "இருக்கலாம். ஆனா பதினொண்ணு அடிக்கறப்ப வந்து உட்கார்ந்தது அவங்கதான். இந்த வருஷம் இவளுக்காக வந்து நான் பார்த்த ஒரே ஆளும் அவங்கதான். சரி, சொல்லுங்க, உங்க பொண்ணு எந்த வகுப்பு?"

"நாலாவது. பி."

"அஞ்சாவது. ஏ. பக்கத்துல யார் உட்கார்றா?"

கடைக்காரம்மா பொம்மையைக் காட்டி, "அதுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள். "எல்லாம் சொல்லியிருக்கேன்."

கடைக்காரம்மா அளவு நாடாவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சதை நானும் சொல்றேன் டீச்சர். இவளுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டறா. போன வருஷத்தைவிடக் கை ஒண்ணேகால் அங்குலம் வளர்ந்திருக்கு. பயம் வந்தா கழுத்துப் பட்டனைக் கடிப்பா. நாலு பட்டன் போயிருக்கு. மூணு தைச்சுட்டேன், நாலாவது இதோ" என்று பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பெரியவள் முதன்முதலாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் கடிக்கறா?" என்றார் டீச்சர்.

"...தெரியலை."

"அதுக்குத்தான் மூணு தடவை கூப்பிட்டேன்."

கடைக்காரம்மா பொம்மையின் அருகில் போனாள். "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று மரியாதையாகவே சொல்லி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போர்டுல எழுதறது தெரியலை" என்றாள் பெரியவள். "எல்லாம் கலங்கலா இருக்கு. எழுந்து படின்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கும்."

அரை அங்குலத் தோள் இறக்கம் கண்ணில் பட்டவளுக்கு இது படவில்லை. "எத்தனை நாளாடி? ஏன் சொல்லலை?"

"மழைக்காலத்துலேயே சொன்னேன். நீ 'ம்'ன்ன."

பெரியவள் வண்டியில் இருந்ததைக் கடைக்கண்ணால் பார்த்து, கொஞ்சம் குரலை இறக்கினாள். "அவங்ககிட்டயும் சொன்னேன். நல்லாத்தான் கேட்டாங்க. ஆனா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை."

கடைக்காரம்மாவின் போன் அடித்தது. கடையிலிருந்து மாஸ்டர். அவள் அதைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் பொறுப்பாகக் கொண்டுபோய், பசை போட்டு ஒட்டிய இடது கைக்குள் செருகிவைத்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் கடைக்காரம்மா.

பெரியவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். போன் திரும்பத் திரும்ப அடித்தது. பொம்மை எடுக்கவில்லை.