பதிவேட்டில் நான் எழுதிய பெயர்

அடையாள அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்தால், அதன் குறுக்கே கோடு போட்டு, யாருக்கு, எதற்காக, என்றைக்குக் கொடுக்கிறேன் என்று எழுதித்தான் கொடுப்பேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். "ஒரு சிம் கார்டுக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ பெரிய கதை எழுதறீங்க?" என்று பெரியவள் கேட்டாள். "அப்பா நாட்டோட ரகசியத்தையே வச்சிகினு இருக்காரு" என்றான் சின்னவன். நானும் சிரித்துவைத்தேன். பிரவுசிங் சென்டரை ஏன் மூடினீர்கள் என்று கேட்டபோது, செல்போனிலேயே எல்லாம் வந்துவிட்டது, அதனால்தான் என்றேன். அது பொய். நான் மூடிய காலத்தில் ஆரணியில் செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான். நடந்ததை எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு எஸ்.டி.டி. பூத் இருந்தது. பத்தாவது பாஸ் செய்தவனுக்கு அது நல்ல பிழைப்பு. கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் உள்ளே பேசுவது எல்லாம் என் காதில் விழும். எந்தப் பட்டு வியாபாரிக்கு எங்கே சரக்கு திரும்பியது, எந்தப் பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப் போனது, எல்லாம் தெரியும். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொன்னதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

பூத் படுத்த பிறகு, ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஆறு சிஸ்டம் போட்டேன். பிளைவுட் தடுப்பு, சுழலும் நாற்காலி, சுவரில் ஒரு போர்டு: 'அடையாள அட்டை கட்டாயம். பதிவேட்டில் கையெழுத்திடவும்.' போலீஸ் உத்தரவு அது. வருகிறவரின் பெயர், நேரம், எத்தனையாவது சிஸ்டம், எல்லாம் எழுத வேண்டும். புதிதில் பத்துப் பக்கம் எழுதினேன். அப்புறம் கை விட்டுப் போயிற்று. ஆரணியில் யாரிடம் போய் அட்டை கேட்பது? "என் ஊட்டு தறிச் சத்தத்துல வளர்ந்தவன் நீ. என்னையே யாருன்னு கேக்கறியா?" என்பார்கள். போர்டைப் படித்துவிட்டு, கேட்காமலே ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அந்த ஜெராக்ஸ்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தேன்.

அட்டையே கேட்கக் கூடாதவர்களும் இருந்தார்கள். கீழே கடைக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். பெண்கள் புடவை பார்க்க உட்கார்ந்தால் அரை நாள் ஆகும். கூட வந்த ஆண்களுக்குப் பொழுது போகாது. கடை முதலாளி அவர்களை மாடிக்கு அனுப்பிவைப்பார். பின்னாலேயே காபி வரும். "நம்ம பார்ட்டி. கார்டு கீர்டுன்னு கேட்டு என் மானத்த வாங்காத" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கட்டடம் அவருடையது. நானும் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம், ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்தார்.

"நாளைக்கு சென்னைலருந்து சைபர் கிரைம் ஆளுங்க வராங்க. உன் கடைலருந்து யாரோ ஒரு பொண்ணுக்கு அசிங்க அசிங்கமா மெயில் போட்டிருக்கான். நோட்ட ஒழுங்கா வச்சுக்க."

"எந்தத் தேதிங்க?"

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையைச் சொன்னார். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கீழே சென்னையிலிருந்து வந்த கல்யாணப் பார்ட்டி. மேலே அவர்களோடு வந்த ஒருவன் மட்டும் மூலை சிஸ்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கம் போனால் ஸ்கிரீனை மறைத்தான். கொண்டுபோய் வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது, அவன் தொடவில்லை. வேறு யாரும் அந்த நேரத்தில் கடையில் இல்லை.

கீழே இறங்கிப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அவன்தான் போட்டான்னு நீ பாத்தியா?"

"பாக்கலீங்க. ஆனா வேற யாரும் இல்ல."

"முகூர்த்த சீசன்ல போலீசு என் கடை வாசல்ல வந்து நின்னா ஒரு பார்ட்டி ஏறமாட்டான். உன் நோட்டு, நீ இன்னாவோ பண்ணிக்க. என் கடைப் பேரு மட்டும் வரக்கூடாது."

அவர் அவ்வளவுதான் சொன்னார். மற்றதைச் செய்தது நான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு மாதப் பதிவேட்டை ஒரே உட்காரலில் எழுதினேன். எல்லாம் ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனா. சாப்பாடு கொண்டுவந்த உங்கள் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா, மூணு பேனா வச்சிகினு? பரீட்சையா?"

"நாளைக்குப் போலீஸ் வராங்க."

"வந்தா வரட்டும். தெரிஞ்சத தெரியும்னு சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு மூணு கலரு?"

சோறு ஆறிவிடும், போ என்று அவளை அனுப்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது பேனா நின்றது. ஒரு பெயர் வேண்டும். வெறும் பெயர் போதாது, கேட்டால் காட்ட ஜெராக்ஸும் வேண்டும். ஃபைலைப் புரட்டினேன். ஒருவர் ரிட்டையர்டு வாத்தியார். ஒரு பெண் காலேஜ் போகிறவள். ஒருவனுக்குச் சித்தப்பா வக்கீல். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் படவேட்டுப் பக்கத்துப் பையனுடைய ஜெராக்ஸ் கையில் நின்றது.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா கூலி வேலை. ஆரணிக் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து மெயில் பார்ப்பான். அந்த வாரம் மட்டும் முந்தின நாள், செவ்வாய்க்கிழமையே வந்திருந்தான்; சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு வந்து இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்தான். "திங்கக்கெழம ஜாயினிங்ணா" என்று சொல்லி, காகிதம் மடங்காமல் இருக்கப் பெரிய கவர் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவன்தான் சென்னைக்குப் போய்விடுவானே, யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல பையன், பார்த்தாலே போலீசுக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். இந்த இரண்டையும் நினைத்துக்கொண்டேதான் அவன் பெயரை எழுதினேன். பக்கத்தில் அவன் கையெழுத்தையும் நானே போட்டேன். அவனுக்காகக் கேட்டு வர ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் உண்மையான காரணம். அதை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு எஸ்.ஐ.யும், கம்ப்யூட்டர் தெரிந்த இன்னொருவரும் வந்தார்கள். எஸ்.ஐ. பதிவேட்டில் அந்த வரியில் விரலை வைத்து, "ஜெராக்ஸ் இருக்கா?" என்றார். ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விலாசம் அதிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவனை என் கடைக்கே அழைத்து வந்தார்கள். ஒரு சிஸ்டத்தின் முன்னால் உட்காரவைத்து, "மெயிலைத் தொற" என்றார் எஸ்.ஐ. அவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணா, அந்த வெள்ளிக்கெழம நான் வரவே இல்லண்ணா. அம்மாவுக்கு ஜுரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன். நீங்க சொல்லுங்கண்ணா."

நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்வேர்டு இன்னாடா?" என்றார் கூட வந்த கான்ஸ்டபிள். அவன் தானே தட்டுகிறேன் என்றான். "வாயால சொல்லு, நாங்களும் எழுதிக்கணும்." அவன் அம்மா பெயரையும் அவள் பிறந்த ஊரையும் சேர்த்துச் சொன்னான். மற்ற சிஸ்டங்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மெயில்பெட்டியில் இருந்தது எல்லாம் வேலைக்குப் போட்ட மனுக்கள். ஒன்று மட்டும் காலேஜ் நண்பனுக்கு எழுதியது. கான்ஸ்டபிள் அதைச் சத்தமாகப் படித்தார். 'மச்சி, ஜாயினிங்குக்கு ஷூ போட்டுகினுதான் வரணுமாம். உன்னோடத ஒரு மாசத்துக்குக் குடு. எனக்கு எட்டு, உனக்கு ஒன்பது, பரவால்ல, நுனியில பேப்பர் வச்சிக்கறேன்.'

ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. என் கடையில், நான் கொடுத்த ஜெராக்ஸால், அவன் உட்கார்ந்திருந்தான். திறந்தபடியே விட்டுப்போனவர்களின் மெயிலைப் படிக்காமல் மூடிவைத்தவன் நான். அந்த நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவனை அடைக்கவில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், சாயங்காலம் போகலாம், விசாரணை முடிகிறவரை ஊரை விட்டு நகரக் கூடாது என்றார்கள்.

சனிக்கிழமை அவன் அம்மா வந்தாள். மாடிப்படிக்குக் கீழேயே நின்றாள். நான் இறங்கிப் போனேன்.

"சார், எம்புள்ள வாய் செத்தவன். அவனுக்குப் பேசத் தெரியாது. உங்க கடையப் பத்தி எப்பவும் சொல்வான், அந்த அண்ணன் நல்லவருன்னு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். திங்கக்கெழம அவன் அங்க போய்ச் சேரணும்."

அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரொம்ப நாளாகத் தெரியும், நல்ல பையன் என்றேன். எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல பையன்தான். அன்னிக்கு அவன் வந்தத நீ கண்ணால பாத்தியா?"

"நோட்ல இருக்குங்களே சார்."

பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக ஸ்டேஷன் படி ஏறினீங்களே. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்." அவள் கை சொரசொரப்பாக இருந்தது. என் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

திங்கட்கிழமை அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே, அந்தப் பெண்ணுக்குச் சென்னையிலிருந்து இன்னொரு மெயில் போனது. அதை வைத்து மாலைக்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மூலை சிஸ்டத்தில் இருந்தவன்தான். தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். நான் புதன்கிழமையே சொல்லியிருந்தால் அந்தக் கடைசி மெயிலை அவள் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. பெரியவளே, உனக்குப் போனில் ஏதாவது தெரியாத செய்தி வந்து நீ முகம் சுளித்தால், எனக்கு அவள் நினைவுதான் வருகிறது.

எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டை மேஜை மேல் போட்டார். "மூணு கலர்ல எழுதினா மூணு ஆளாயிடுமா? அவனும் கையெழுத்து போட்டுக் காட்டினான். உன் மேலயே கேஸ் போடலாம். அந்தப் பையன் வேணாம்னு கெஞ்சறான். கெளம்பு."

எதற்காகக் கெஞ்சினான் என்று எனக்குப் புரியவில்லை.

சென்னைக் கம்பெனிக்கு அவன் செவ்வாய்க்கிழமை போன் செய்தானாம். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அவன் என் கடைக்கு வரவும் இல்லை. ஒரு மாதத்தில் கடையை மூடினேன். "பேஜார்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு மூடற?" என்றார் முதலாளி. போலீஸ் மாடிப்படியோடு போய்விட்டது; அவர் கடை வாசலில் ஒருவரும் வந்து நிற்கவில்லை.

கடலை பிடுங்குகிற சமயத்தில் ஒரு நாள் பஸ் ஏறி அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்ததும் ரோட்டுப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனான். போளூரில் ஒரு உரக்கடையில் பில் அடிக்கிறேன் என்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும்ணா. எஸ்.ஐ. அன்னிக்கே காட்டிட்டாரு."

"என் மேல கேஸ் வேணாம்னு சொன்னியாமே."

"கேஸ் போட்டா நானும் சாட்சிக்கு நடக்கணும். ஸ்டேஷன் பக்கமே போகத் தோணலண்ணா." செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு, "போர்டுல போட்டிருந்தீங்க. குடுத்தேன். குடுக்காதவன் எல்லாம் நல்லா இருக்கான்" என்றான்.

"உள்ள வந்து உங்க அம்மாகிட்டயும் சொல்லிடறேம்பா."

அப்போதுதான் அவன் குரல் மாறியது. "அவங்க உங்கள நல்லவருன்னு தெரு முழுக்க சொல்லிகினு இருக்காங்க. இப்ப போய் இல்லன்னு சொன்னா உங்களுக்கு பாரம் எறங்கிடும். அவங்க யார் மூஞ்சில முழிப்பாங்க? வேணாம். போயிடுங்க."

போயிருப்பேன். அதற்குள் அவன் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்தாள், கையில் ஒரு பை. பறித்ததற்குக் கூலியாகக் கொடுத்த பச்சைக் கடலை. "புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுங்க சார்" என்றாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி, "வாங்கிக்கோங்க" என்றான்.

வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் உங்கள் அம்மா உப்புப் போட்டு அவித்தாள். நீங்கள் இரண்டு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டு, இன்னும் இல்லையா என்று கேட்டீர்கள். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. முத்தின கடலையாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று அவள் கேட்டாள்.

போளூர் சந்தையில் என்றேன்.